கொழும்பில் சாமான் வாங்குதல்: வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் சிறிய புடவைக்கடை ஒன்றை நடத்துகிறேன். சரக்கு எடுக்கக் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் யாராவது கூட வருவார்கள். மகளுக்குக் கலியாணம் வைத்திருப்பவர் வருவார். சாமத்திய வீட்டுக்குச் சாமான் தேடுகிறவர் வருவார். முல்லைத்தீவுப் பக்கம் புதிதாகக் கடை திறப்பவர் வருவார். கொண்டுபோன காசு தீருமுன்னே இவர்களுக்கு நேரமும் கைகளும் தீர்ந்துபோவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். பதினொரு மணிக்கே இரண்டு கையிலும் பாரம் ஏறிவிடும். அதன்பிறகு எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் எப்போது வெளியேறி உட்காரலாம் என்ற எண்ணம்தான். அந்தக் களைப்பில் வாங்கும் பொருள் நல்ல விலைக்கு அமைவதில்லை.

ஆகவே, எந்த ஒழுங்கில் வாங்குவது என்பதைத்தான் இங்கே அதிகம் பேசுகிறேன். இரண்டு பகல், இடையில் ஓர் இரவுத் தங்கல் என்ற கணக்கில் எழுதியிருக்கிறேன். ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டியிருந்தால் நகை வாங்குவதை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடுங்கள்.

1. ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலை

பட்டியலை இரண்டு தாள்களில் எழுதுங்கள். கொழும்பில் கட்டாயம் வாங்க வேண்டியவை ஒன்றில். விலை படிந்தால் வாங்கலாம் என்பவை மற்றதில். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுகிறவர்கள் கண்ணில் முதலில் பட்டதை வாங்குகிறார்கள். கூறைச்சேலைக்கு ஒதுக்கிய காசு பிளாஸ்டிக் வாளிகளுக்குப் போய்விடுகிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே உள்ளூர் விலையை எழுதுங்கள். கிளிநொச்சிச் சந்தையிலோ வவுனியா பஜார் வீதியிலோ ஒரு மணி நேரம் விசாரித்தால் போதும். இந்த எண் கையில் இல்லாவிட்டால் கொழும்பில் கேட்கும் விலை மலிவா இல்லையா என்று சொல்ல உங்களிடம் அளவுகோல் இராது.

சில பொருட்களைக் கொழும்பில் வாங்கவே வேண்டாம். மெத்தை, பிளாஸ்டிக் கதிரை, பெரிய அண்டா போன்றவற்றில் விலை வித்தியாசத்தை ஏற்றுக்கூலி விழுங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் உங்கள் மாவட்டத்தில் கிளை வைத்திருக்கும் நிறுவனத்திடம் வாங்கப்பட வேண்டியவை. பழுதானால் ஏறத்தாழ 330 கிலோமீற்றர் தூக்கிக்கொண்டு போக முடியாது.

அடுத்து அளவுகள். இதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள்.

யன்னல் சீலைக்கு அகலம், உயரம் இரண்டையும் அளந்து எழுதுங்கள். "நடுத்தர யன்னல்" என்று கடைக்காரரிடம் சொல்லிப் பயனில்லை. சட்டை தைக்கத் துணி எடுப்பதானால் தையல்காரரிடம் எத்தனை மீற்றர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அம்மாமார் இன்னும் யாரில்தான் கணக்குச் சொல்லுவார்கள். ஒரு யார் 91 சென்ரிமீற்றர்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

வளையலுக்குப் பழைய வளையல் ஒன்றைக் கொண்டுபோங்கள். கடையில் சொல்லும் 2.4, 2.6 என்பவை தசமக் கணக்கு அல்ல, 2.6 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் ஆறு பங்கும். கண்மட்டத்தில் வாங்கிய வளையல்கள் பெண்ணின் கையில் ஏறாமல் கலியாணத்துக்கு முதல்நாள் வீடே பதறியதை நேரில் பார்த்தவள் நான். கூட வராதவர்களுக்குச் செருப்பு வாங்குவதானால் அவர்களின் பாதத்தைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

தேசிய அடையாள அட்டை, குடை, தண்ணீர்ப் போத்தல், மடித்து வைக்கக்கூடிய இரண்டு பெரிய துணிப்பைகள், தடித்த எழுதுகோல் ஒன்று. இந்தக் கடைசிப் பொருளின் தேவை 8ஆம் பகுதியில் விளங்கும்.

2. நாளைத் தெரிவுசெய்தல்

செவ்வாய், புதன், வியாழன் நல்லவை. கொழும்பின் பெரிய கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டையில் பெரும்பாலான மொத்த வியாபாரக் கடைகள் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். நடைபாதை வியாபாரம் மட்டும் நடக்கும். பூரணை தினம் அரச, வங்கி விடுமுறை என்பதால் அன்று போவதும் வீண். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காக நண்பகலை ஒட்டி முஸ்லிம் வியாபாரிகளின் கடைகள் சாத்தப்படும். புடவையிலும் மின்சாதனத்திலும் அவர்கள் கடைகள் ஏராளம் என்பதால் உங்கள் நாளின் நடுப்பகுதி அப்படியே போய்விடும்.

காலபோக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசி, பங்குனியில் நம்மவர்கள் புறப்படுகிறார்கள். பங்குனிக் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் சித்திரைப் புத்தாண்டு நெரிசலில் மாட்டுவீர்கள். நெல் விற்ற கையோடு போய்விடுங்கள்.

மழையையும் கவனிக்க வேண்டும். வன்னியில் சோளகக் காற்று புழுதியைக் கிளப்பும் வைகாசி, ஆனி மாதங்களில் கொழும்பில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். இங்கே வெயிலைப் பார்த்துவிட்டுக் குடையை வைத்துவிட்டுப் போகாதீர்கள். புடவைப் பொதி நனைந்தால் சாயம் இறங்கும்.

3. பயணமும் விடியற்காலையும்

இரவு பஸ்ஸில் ஏறினால் விடியுமுன்னே கொழும்பில் இறங்கிவிடலாம். ஆனால் கடைகள் திறக்க ஒன்பது, ஒன்பதரை ஆகும். இந்த நான்கைந்து மணி நேரத்தைப் பலர் பஸ் நிலைய வாங்கில் பைகளுடன் உட்கார்ந்து கழிக்கிறார்கள். கடை திறக்கும்போது அவர்களுக்குக் கால் வீங்கி, கண் எரிந்துகொண்டிருக்கும்.

நேரே வெள்ளவத்தைக்குப் போங்கள். உறவினர் வீடோ லொட்ஜோ, முன்கூட்டியே சொல்லி வைத்த இடம் ஒன்று இருக்கட்டும். புறக்கோட்டையிலிருந்து காலி வீதி வழியே ஓடும் 100, 101 இலக்கப் பஸ்கள் வெள்ளவத்தையைத் தாண்டித்தான் போகின்றன. கோட்டை நிலையத்திலிருந்து கரையோர ரயிலிலும் போகலாம். குளித்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரமாவது படுத்து எழும்புங்கள். பயணப் பைகளை அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பி வருவதுதான் இந்த அலைச்சலின் பெரிய பயன்.

முச்சக்கர வண்டியில் ஏறுவதானால் மீற்றர் போடச் சொல்லுங்கள், அல்லது கைத்தொலைபேசிச் செயலியில் அழையுங்கள். ஏறிய பிறகு வாடகை பேசினால் பேச்சு உங்கள் பக்கம் நிற்காது.

4. தெருக்களை மனதில் பதித்தல்

புறக்கோட்டை சிக்கலாகத் தோன்றுவது கூட்டத்தினால்தான். தெருக்களின் அமைப்பு எளியது. தரையில் கிடத்திய ஏணி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் ஓடும் ஒல்கொட் மாவத்தை ஒரு கால். துறைமுகப் பக்கமாக ஓடும் பிரதான வீதி மற்றக் கால். இடையிலுள்ள படிகள்தான் முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து ஐந்தாம் குறுக்குத் தெரு வரையானவை. இலக்கம் கூடக் கூட நீங்கள் கிழக்கே போகிறீர்கள்.

பிரதான வீதியின் மேற்கு முனையில் கான் மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. கிழக்கு முனையில் பழைய நகர மண்டபம். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் இந்த மூன்றில் எங்கே சந்திப்பது என்று காலையிலேயே பேசி வையுங்கள். எல்லோரிடமும் கைத்தொலைபேசி உண்டென்று நம்பாதீர்கள். அந்த இரைச்சலில் மணி அடிப்பது கேட்காது.

ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழில் உண்டு. கைத்தொலைபேசியும் மின்சாதனங்களும் முதலாம் குறுக்குத் தெருவில். புடவை, ஆயத்த ஆடை, அலங்காரப் பொருட்கள் இரண்டாம், மூன்றாம் குறுக்குத் தெருக்களிலும் கெய்சர் வீதியிலும். சீனி, பருப்பு, வெங்காயம், கிழங்கு மொத்த வியாபாரம் நான்காம் குறுக்குத் தெருவில். நாட்டு மருந்துச் சரக்குக்குக் கேபோஸ் லேன். இரும்புச் சாமானுக்குப் பழைய சோனகத் தெரு. தங்கத்துக்குச் செட்டியார் தெரு. பழைய நகர மண்டபத்துக்கு அப்பால் தொடங்கி வடக்கே போகிறது.

காய்கறி மொத்த வியாபாரம் நடக்கும் மனிங் சந்தை 2020இல் பேலியகொடைக்கு மாறிவிட்டது. முன்பு வந்துபோன பெரியவர்கள் இன்னும் அதைப் புறக்கோட்டையில் தேடச் சொல்லி அனுப்புகிறார்கள்.

5. முதல் சுற்று: வாங்காமல் பாருங்கள்

ஒன்பதரை முதல் பதினொன்று வரை எதையும் வாங்காதீர்கள். கூட வருகிறவர்களுக்கு மிகவும் கசக்கும் விதி இது. நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

காரணம் எளியது. ஒரே ரகச் சேலை ஒரே தெருவில் நான்கு கடையில் தொங்கும், நான்கு விலையில். முதல் கடையில் வாங்கியவர் மற்ற மூன்றையும் பார்க்கும்போது திருப்பிக் கொடுக்க வழியில்லை. கையில் பொதி இருப்பவரைப் பார்த்ததும் வாங்கும் எண்ணத்துடன்தான் வந்திருக்கிறார் என்று வியாபாரி உடனே கணக்குப் போட்டுவிடுவார். வெறுங்கையுடன் வருகிறவருக்கு விலை இறங்குகிறது.

பார்த்த கடையின் பெயர், பொருள், விலை மூன்றையும் தாளில் குறியுங்கள். கேட்டுவிட்டுப் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது. "எந்தக் கடையில் அந்தப் பச்சைச் சேலை?" என்று பிற்பகலில் தேடி அலைகிறவர்கள் அநேகர்.

காலையில் கடை திறந்தவுடன் நுழைந்து பத்துச் சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு வெளியேறாதீர்கள். அவர்களுக்கு அது அன்றைய முதல் வியாபாரம். வாசலில் நின்று விலையை மட்டும் கேட்டால் யாருக்கும் மனம் நோகாது.

கடைவாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாக அழைப்பவர்களிடம் புன்னகையுடன் தலையசைத்து நடந்துகொண்டே இருங்கள். நின்று காரணம் சொன்னால் உள்ளே போய்விடுவீர்கள்.

6. இலேசானவை முதலில்

பதினொரு மணிக்கு வாங்கத் தொடங்குங்கள். பாரம் குறைந்து விலை கூடியவை முன்னே: கூறைச்சேலை, வேட்டி, பட்டுத்துணி. பிறகு வளையல், பூ மாலை அலங்காரம், தாம்பூலப் பைகள் போன்ற சிறுசாமான். செருப்பு, பைகள் அதற்கடுத்து. பாத்திரம், இரும்பு, பலசரக்கு எல்லாம் கடைசி.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மலிவாகக் கிடக்கிறதென்று காலையிலேயே பாத்திரம் வாங்குகிறவர்களை ஒவ்வொரு முறையும் காண்கிறேன். அதன் பிறகு சேலையைத் தொட்டுப் பார்க்கவும் அவர்களுக்குக் கை இருப்பதில்லை.

சேலையைக் கடை வெளிச்சத்தில் முடிவுசெய்யாதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரிக்கச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். முழு நீளத்தையும் விரித்துக் கறை, இழை அறுந்த இடம் பார்த்த பிறகே மடிக்க விடுங்கள். சட்டைத்துணி சேலையோடு சேர்ந்தே வருகிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

கடை வைத்திருப்பவர்கள் நுழைந்தவுடனே மொத்தமாகவா சில்லறையாகவா என்பதைச் சொல்லிவிடுங்கள். மொத்தக் கடையில் டசினாகவோ கட்டாகவோதான் தருவார்கள். உடுப்பு எடுக்கும்போது கட்டுக்குள் எந்தெந்த அளவுகள் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். ஒருமுறை நான் பிரிக்காமல் வாங்கிவந்த சிறுவர் உடுப்புக் கட்டில் பாதி, கைக்குழந்தை அளவு. அவை விற்றுமுடிய ஒரு வருடம் பிடித்தது.

7. பேரமும் சிட்டையும்

நடைபாதையில் பேரம் உண்டு. விலைச்சீட்டு ஒட்டிய பெரிய புடவைக்கடையில் பெரும்பாலும் இல்லை. அங்கே கழிவு ஏதும் உண்டா என்று ஒருமுறை கேட்டால் போதும். சொன்ன விலையைப் பாதியாகக் கேட்பது என்று ஊரில் சொல்லி அனுப்பும் விதியை நம்பாதீர்கள். உங்கள் தாளில் இருக்கும் உள்ளூர் விலையும், முதல் சுற்றில் கண்ட மிகக் குறைந்த விலையும்தான் பேச்சைத் தொடங்கும் இடம். ஒரே கடையில் பல பொருட்களைச் சேர்த்து எடுத்து, கடைசியில் மொத்தத்துக்குப் பேசினால் நன்றாக இறங்கும்.

புறக்கோட்டையில் தமிழ் பேசுகிற கடைகள் நிறையவே உண்டு. தமிழ் தெரியாத இடத்தில் "கீயத?" என்றால் எவ்வளவு; "அடு கரலா தென்ன" என்றால் குறைத்துத் தாருங்கள். பதிலாக வரும் எண் விளங்காவிட்டால் ஊகிக்காமல் கணிப்பானில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். நூறும் ஆயிரமும் மாறிப்போய் மனக்கசப்பில் முடிந்த பேச்சுகள் உண்டு.

சிட்டை வாங்காமல் வெளியேறாதீர்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். மாற்றித் தருவதாக வாயால் சொன்னால் எத்தனை நாளுக்குள் என்று சிட்டையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வன்னியிலிருந்து மறுநாள் வந்து மாற்ற முடியாது என்பதை அவர்களிடம் நேராகச் சொல்லலாம், பலர் விளங்கிக்கொள்வார்கள்.

காசை ஒரே பையில் வைக்காதீர்கள். அன்றைய சில்லறைச் செலவு ஒருவரிடம், பெருந்தொகை இன்னொருவரின் உட்பையில். நெரிசலில் கட்டை அவிழ்த்து எண்ணக் கூடாது.

8. பாரச் சாமானும் பொதியும்

மூன்று மணிக்குள் பாத்திரமும் பலசரக்கும் வாங்கி முடித்துவிடுங்கள். வடக்கே போகும் லொறிகள் மாலையில் ஏற்றி இரவில் புறப்படுவதால், பிந்திக் கொண்டுபோன பொதி மறுநாளுக்குத் தங்கிவிடும். எந்த லொறிச் சேவை உங்கள் ஊருக்கு வருகிறது என்பதைப் புறப்படுமுன்னே ஊர்க் கடைக்காரரிடம் கேட்டு வையுங்கள். கொழும்பில் கேட்டால் ஆளுக்கொரு இடம் சொல்வார்கள்.

கடையிலிருந்து லொறி நிற்கும் இடம்வரை தள்ளுவண்டியில் கொண்டுபோவதற்கு நாட்டாமிகள் இருக்கிறார்கள். எத்தனை பொதி, எங்கே, எவ்வளவு என்று வண்டியில் ஏற்றுமுன் பேசுங்கள். வண்டியோடு ஒருவர் நடந்தே போக வேண்டும். அவர்கள் நேர்மையற்றவர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நெரிசலில் ஒரே மாதிரியான உரப்பைகள் எளிதில் மாறிப்போகும்.

இப்போது அந்தத் தடித்த எழுதுகோல். ஒவ்வொரு பொதியின் இரண்டு பக்கமும் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், பிறகு 1/6, 2/6 என்று வரிசை எண். வெறும் பெயர் மட்டும் எழுதினால் ஒரு பொதி குறைந்ததை யாரும் கவனிக்கமாட்டார்கள். கண்ணாடிப் பொருளைத் துணிப் பொதியின் நடுவில் வையுங்கள். தனியாகக் கட்டினால் அதன்மேல் சீனி மூட்டை ஏறும். லொறிச் சிட்டையில் பொதி எண்ணிக்கை சரியா என்று பார்த்து வாங்குங்கள்.

9. மாலையில் பெருங்கடைத் தொகுதிகள்

கை காலியாகிவிட்டது, குளித்து உடை மாற்றி மாலையில் போகலாம். பம்பலப்பிட்டியில் மஜெஸ்டிக் சிட்டி வெள்ளவத்தைக்குக் கிட்ட. காலிமுகத்திடலுக்கு எதிரே ஒன் கோல் ஃபேஸ். கணினி, அதன் உதிரிப்பாகங்களுக்கு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா.

இங்கே பேரமில்லை, பொதுவாக விலையும் கூட. ஆனாலும் பெயர்பெற்ற நிறுவனத்தின் சப்பாத்து, கைக்கடிகாரம், மடிக்கணினி போன்று உத்தரவாதம் தேவைப்படுபவற்றை இங்கே வாங்குவதே சரி என்பது என் முடிவு. வங்கி அட்டையால் கட்டினால் பதிவும் கிடைக்கிறது.

கைத்தொலைபேசியை எங்கே வாங்கினாலும் பணம் கொடுக்குமுன் *#06# அழுத்தி வரும் 15 இலக்க எண்ணைப் பெட்டியில் உள்ளதுடன் ஒப்பிடுங்கள். ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். பதிவில்லாததை மலிவு என்று வாங்காதீர்கள்.

வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிப்போனால் நகரும் படியில் கவனம். சேலைத் தலைப்பையும் கரையையும் கையில் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். தயங்குகிறவர்களை மின்தூக்கியில் கூட்டிப்போங்கள்.

10. இரண்டாம் நாள்: நகை மட்டும்

செட்டியார் தெருவுக்குத் தனியாக ஒரு காலை வேண்டும். வேறு பொதி இருந்தால் கவனம் சிதறும். தாலிக்கொடி எடுப்பவர்கள் அந்தத் தெருவிலுள்ள கதிரேசன் கோவிலில் கும்பிட்டுவிட்டுத் தொடங்குவது வழக்கம். அந்த அமைதியில் கணக்கும் தெளிவாக வரும்.

அன்றைய 22 கரட் பவுண் விலையை மூன்று கடையிலாவது கேளுங்கள். ஒரு பவுண் 8 கிராம். தங்கத்தின் விலையில் கடைக்குக் கடை பெரிய வித்தியாசம் இராது. வித்தியாசம் செய்கூலியிலும் சேதாரத்திலும்தான் ஒளிந்திருக்கிறது. ஆகவே "பவுண் எவ்வளவு" என்பதோடு நிற்காமல், "இந்த நகை, எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று கேட்டு எழுதுங்கள். பவுண் விலையைக் குறைத்துச் சொல்லும் கடையில் மொத்தம் கூடுவதைக் கண்டிருக்கிறேன்.

கல் வைத்த நகையில் கல்லின் நிறையைக் கழித்துத் தங்கத்தின் நிறையைத் தனியாக எழுதித் தர வேண்டும். சிட்டையில் நிறை, கரட், செய்கூலி, சேதாரம் நான்கும் தனித்தனியே இருக்கட்டும். பழைய நகையை மாற்றுவதானால் ஊரிலேயே நிறுத்து, நிறையை எழுதிக் கொண்டுபோங்கள்.

வாங்கியதும் வேறு கடை ஏறாதீர்கள். நேரே தங்குமிடம், அன்றே ஊருக்குப் பயணம். இரவுப் பஸ்ஸில் நகைப் பெட்டியை மேல்தட்டில் வைக்கக் கூடாது. பெட்டியை விட்டுவிட்டு நகையைத் துணியில் சுற்றி உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். சிட்டை வேறொருவரிடம் இருக்கட்டும்.

11. ஊரில் பொதி பிரித்தல்

லொறி வந்ததும் பொதி எண்களைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நனைந்த பொதியையும் கிழிந்த பொதியையும் சாரதியின் முன்னிலையிலேயே பிரித்துப் படம் எடுங்கள். பிறகு முதல் தாளை எடுத்து, வந்தவற்றைக் கோடிட்டு வாருங்கள். கோடு விழாமல் மிஞ்சிய பெயர்களைத் தனியே எழுதி, அடுத்த கிழமை கொழும்புக்குப் போகும் ஊர்க்காரர் ஒருவரிடம் கடைப் பெயரோடும் விலையோடும் கொடுத்து அனுப்பலாம்.